புள்ளி தொலைந்தால் மதிப்பெண்ணும் தொலையும்



அண்மையில் மாணவி ஒருத்தியின் 72.5 மதிப்பெண்ணை இணையப் படிவத்தில் பதிந்தேன். சேமித்துவிட்டுத் திறந்து பார்த்தால் 725 என்றிருந்தது! என் தட்டச்சுப் பிழையென நொந்துகொண்டு மீண்டும் பதிந்தேன், மீண்டும் 725.

கணினி அறிந்த நண்பர் காரணத்தை விளக்கினார். நாம் தசமத்தைப் புள்ளியால் குறிக்கிறோம். இந்தோனேசியாவிலும் ஜெர்மனியிலும் காற்புள்ளியே தசமக் குறி. புள்ளியோ ஆயிரங்களைப் பிரிப்பது. அம்முறையில் அமைக்கப்பட்ட நிரல், நம் புள்ளியைப் பிரிப்புக் குறியாகக் கருதி நீக்கிவிடுகிறது.

இன்னொரு கோளாறும் உண்டு. தரவுத்தளத்தில் அவ்விடம் முழு எண்ணுக்கென ஒதுக்கப்பட்டிருந்தால், 72.5 என்பது 72 ஆகவோ 73 ஆகவோ மாறிவிடும். 725 கண்ணை உறுத்தும், 72 உறுத்தாது. அதுவே பேராபத்து.

ஆகவே, நிரல் எழுதுவோர் தசம இடங்களையும் எண் முறையையும் முன்பே வரையறுத்திட வேண்டும். நாமும் ‘சேமிக்கப்பட்டது’ என்னும் செய்தியை மட்டும் நம்பாமல், பதிந்ததைத் திறந்து சரிபார்ப்போம். பெற்றோர் மதிப்பெண் அறிக்கையை விடைத்தாளோடு ஒப்பிடுக.

தசமப் பாடத்தில் புள்ளி இடம் மாறினால் மாணவரைத் திருத்துகிறோம். கணினி மாற்றினால் மட்டும் வாய்மூடி ஏற்பது முறையோ?