கீழாநெல்லிக்கு முன் ஒரு ரத்தப் பரிசோதனை

சாந்தோம் கடற்கரைக் குப்பங்களில் ஒருவருக்குக் கண் மஞ்சளித்தால் முதலில் தேடுவது கீழாநெல்லியைத்தான். அரைத்து மோரில் கலந்து வெறும் வயிற்றில் கொடுப்பார்கள். கூடவே பத்தியம்: உப்பில்லை, எண்ணெயில்லை, மீன் அறவே இல்லை.

அந்தப் பச்சிலையை மூடநம்பிக்கை என்று நான் தள்ளமாட்டேன். சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழு 1988இல் 'லான்செட்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டது. ஹெபடைடிஸ் பி கிருமியைச் சுமந்தவர்களுக்கு 30 நாள் கீழாநெல்லிப் பொடி கொடுத்துப் பார்த்ததில், 37 பேரில் 22 பேரின் ரத்தத்தில் அக்கிருமியின் மேலுறைப் புரதம் காணப்படவில்லை. அந்த வைரஸைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற புளூம்பெர்க்கும் ஆய்வில் பங்கேற்றிருந்தார். நமக்குப் பெருமைதான். ஆனால் பின்னர் நடந்த பல சோதனைகளில் அதே பலன் கிடைக்கவில்லை. இதையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை.

பிறகு காமாலை குணமாவது எப்படி? காமாலையை உண்டாக்கும் ஹெபடைடிஸ் கிருமிகளில் தண்ணீரால் பரவும் ஏ, இ வகைகள் பெரும்பாலும் சில வாரங்களில் தாமாகவே அடங்கும். பெயர் பச்சிலைக்குப் போகிறது. பி, சி வகைகளோ கண் வெளுத்த பிறகும் உள்ளேயே தங்கி, பல ஆண்டு கழித்து ஈரலைச் சுருக்கலாம், புற்றுநோயாகலாம். எந்த வகை என்று ரத்தப் பரிசோதனைதான் சொல்லும். 2018இல் தொடங்கிய ஹெபடைடிஸ் தடுப்புக்கான தேசியத் திட்டத்தில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். மருந்து அரைத்துத் தரும் பாட்டியும் நாட்டு வைத்தியரும் "மொதல்ல ரத்தம் பாத்துட்டு வா" என்று சொன்னால் எத்தனையோ ஈரல்கள் தப்பும். கர்ப்பிணிக்குக் காமாலை என்றால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது; இ வகை அவர்கள் உயிருக்கே ஆபத்து.

பட்டினிப் பத்தியம் நோயாளியை மேலும் வாட்டும். இட்லி, பருப்புச் சோறு, பிடித்தால் மீன் என்று சிறுகச் சிறுகச் சாப்பிடட்டும். மது மட்டும் கூடவே கூடாது.

ஏ, இ வகைகள் வரும் வழி நம் தெருவுக்கு அடியில் ஓடுகிறது. குடிநீர்க் குழாயில் நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சும்போது, விரிசல் வழியே பக்கத்துச் சாக்கடையும் உள்ளே வரும். மாடி வீட்டு மோட்டாரால் குப்பத்துக் குழந்தை நோயாளியாகலாம். குடிநீர் வாரியம் விரிசலை அடைக்கட்டும்; நாம் இன்றே மோட்டாரைக் கழற்றுவோம், குடத்துத் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிப்போம். பி வகையைத் தடுக்க, குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் ஹெபடைடிஸ் பி ஊசி போட்டாயிற்றா என்று பிரசவ வார்டிலேயே கேட்போம்.