விடை தெரிந்தும் வாய் திறவாத பிள்ளை



ஒருநாள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் தோழர்களிடம் ஒரு வினா விடுத்தார்கள். மரங்களுள் ஒன்று இலை உதிர்ப்பதில்லை. அது ஒரு முஸ்லிமுக்கு உவமையாகும். அது எம்மரம் என்று கேட்டார்கள். தோழர்களின் எண்ணம் காட்டு மரங்களைச் சுற்றி வந்தது. அவையிலிருந்த இளைஞர் அப்துல்லாஹ் இப்னு உமர் (ரலி) அவர்களுக்கு மட்டும், அது பேரீச்ச மரம் என்று உள்ளத்தில் பட்டது. ஆயினும் பெரியோர் முன்னிலையில் பேச நாணி மௌனமாயிருந்தார். பின்னர் நபிகளாரே விடையைக் கூறினார்கள். மகன் இதைத் தம்மிடம் தெரிவித்தபோது, நீ அதைச் சொல்லியிருந்தால் எனக்கு எத்துணை உவப்பாக இருந்திருக்கும் என்று தந்தை உமர் (ரலி) அவர்கள் ஏங்கினார்கள்.

தோழர்களின் அறிவைச் சோதிக்க வினா எழுப்புதல் என்று தனித் தலைப்பிட்டே இமாம் புகாரி அவர்கள் இச்செய்தியைப் பதிவு செய்துள்ளார்கள். வினா எழுப்பி அறிவு வளர்க்கும் வழி நமக்குப் புதிதன்று என்பதை இதனால் அறியலாம். பள்ளி மாணவர்க்கான வினாடி வினா நிகழ்ச்சிகள் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் வளர்ந்த வரலாற்றை, அந்த இளைஞரின் மௌனத்தை மனத்திற் கொண்டு நோக்குவோம்.

பிரிட்டனில் பி.பி.சி. வானொலி 1948-ஆம் ஆண்டில் 'டாப் ஆஃப் த ஃபார்ம்' என்னும் பள்ளிப் போட்டியைத் தொடங்கியது. பள்ளிக்கு நால்வர் கொண்ட அணி. நால்வரும் வெவ்வேறு வயதினர். அணிகள் ஓரிடத்திற் கூடவில்லை. ஒவ்வோர் அணியும் தத்தம் பள்ளி மண்டபத்தில் அமர்ந்திருக்க, தொலைபேசிக் கம்பி இரண்டையும் இணைத்தது. அணியில் இளையவரும் தம் தோழர்கள் நிறைந்த மண்டபத்தில், நாடே செவிமடுக்க, விடை பகர வேண்டும். 1986 வரை அந்நிகழ்ச்சி நீடித்தது.

அமெரிக்காவின் கதை வேறு. அங்கே பெரியவர்களுக்கான பரிசுப் போட்டிகள் சிலவற்றில், விடைகள் முன்கூட்டியே சொல்லிக் கொடுக்கப்பட்டன என்னும் உண்மை 1950-களின் இறுதியில் வெளியாயிற்று. மக்களின் நம்பிக்கை குலைந்தது. அந்தக் களங்கம் மறையுமுன்பே, 1961-இல், வாஷிங்டனில் சோஃபி ஆல்ட்மன் என்னும் பெண்மணி 'இட்ஸ் அகாடமிக்' என்ற உயர்நிலைப் பள்ளி நிகழ்ச்சியை உருவாக்கினார். பள்ளிக்கு மூவராக மூன்று பள்ளிகள் மோதும் அந்நிகழ்ச்சி, மிக நீண்டகாலம் நடந்துவரும் தொலைக்காட்சி வினாடி வினா என்று கின்னஸ் நூலில் இடம்பெற்றது. மேக் மெக்கேரி என்பவர் 2011 வரை ஐம்பது ஆண்டுகள் அதனை நடத்தினார்.

நம் நாட்டுக்கு வருவோம். 1972-இல் 'போர்ன்விட்டா க்விஸ் கான்டெஸ்ட்' நகரந்தோறும் மேடை நிகழ்ச்சியாகத் தொடங்கி, பின்னர் விவித பாரதி வழியே இல்லங்களுக்குள் நுழைந்தது. அதனை நடத்தியவர் ஹமீத் சயானி. 1975-இல் அவர் மறைந்தபின், அவருடைய தம்பி அமீன் சயானி அப்பொறுப்பை ஏற்றார். 1992-இல் அது ஜீ தொலைக்காட்சிக்கு மாறியபோது டெரிக் ஓ பிரையன் நடத்துநரானார்.

இந்தச் சகோதரர்களை ஈன்ற அன்னை குல்சும் சயானி அவர்களை நாம் மறத்தலாகாது. வயது வந்தோர் கல்விக்காக வாழ்நாளை ஈந்த அப்பெருமாட்டி, 'ரஹ்பர்' என்னும் இதழை எளிய ஹிந்துஸ்தானியில், தேவநாகரி, உருது, குஜராத்தி ஆகிய மூன்று எழுத்துகளிலும் நடத்தினார். சிறுவன் அமீன் அன்னையின் அப்பணிக்குத் துணை நின்றவர். எளிய சொல்லில், எவருக்கும் விளங்கப் பேசும் கலையை அவர் பயின்றது அங்கேதான். கோடிக்கணக்கானோர் கேட்ட அந்தக் குரல் 2024 பிப்ரவரியில் ஓய்ந்தது.

வினாத் தொடுக்கும் இடத்தில் பெண்களே அமர்ந்த நாடும் உண்டு. ஆப்பிரிக்காவின் கானாவில் 1993-இல் மேல்நிலைப் பள்ளிகளுக்கெனத் தேசிய அறிவியல், கணித வினாடி வினா தொடங்கிற்று. உயிர்வேதியியல் பேராசிரியை மரியன் அடி முதலில் அதனை நடத்தினார். அவருக்குப்பின் வந்தோரும் அறிவியல் கற்ற பெண்மணிகளே. அவர்களைக் கண்டு எத்தனை சிறுமியர், நாமும் அங்கே அமரலாம் என்று எண்ணியிருப்பார்கள்! மார்க்கத்தை அறிந்துகொள்ள நாணம் தடையாகவில்லை என்று அன்ஸாரிப் பெண்களை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் பாராட்டியதும் இங்கே நினைவுகூரத் தக்கது.

இத்தகைய போட்டிகளுக்குக் குறையில்லை என்று கூறமாட்டோம். விரைந்து சொல்பவனே அறிஞன் என்ற மயக்கத்தை அவை தோற்றுவிக்கின்றன. மணியோசைக்குமுன் நினைவுக்கு வருவது தகவல். ஆர அமர ஆராய்ந்து பெறுவதே ஞானம். எனினும், கற்றதை நாலுபேர் நடுவே நாவால் எடுத்துரைக்கும் துணிவை அவை பிள்ளைகளுக்கு ஊட்டின. அந்தப் பயன் சிறிதன்று.

நம் இல்லங்களில் நிலைமை என்ன? பெரியவர்கள் பேசும்போது குறுக்கிடாதே என்கிறோம். பெண் பிள்ளை வினவினால், உனக்கேன் இதெல்லாம் என்கிறோம். அடக்கம் ஈமானின் அணிகலன்தான், அதில் ஐயமில்லை. ஆனால் அச்சத்தை அடக்கமென்று எண்ணி மகிழ்வது பெற்றோர் செய்யும் பெரும்பிழை. வகுப்பில் விடை தெரிந்தும் கை உயர்த்தாத பிள்ளை, நாளை நேர்முகத் தேர்விலும் வாய் திறவாது. தனக்கு அநீதி நேரும்போதும் மௌனமே காக்கும்.

தாய்மார்களே! தந்தையர்களே! வாரத்தில் ஓர் இரவு, மஃரிபுக்குப் பின்னர், வீட்டார் அனைவரும் கூடி அமருங்கள். நபிமார் வரலாற்றிலிருந்து ஒரு வினா, அறிவியலிலிருந்து ஒன்று, நம் ஊரைப் பற்றி ஒன்று என்று தொடுங்கள். கடைக்குட்டிக்கு முதல் வாய்ப்புத் தாருங்கள். அது தடுமாறினால் மூத்தவர்கள் நகைக்கலாகாது. பின்பு பிள்ளைகள் உங்களை வினவட்டும். தெரியாததைத் தெரியாதென்று கூறி, மறுநாள் தேடிச் சொல்லுங்கள். இதற்கு வானொலியும் வேண்டாம், மேடையும் வேண்டாம்.

உமர் (ரலி) அவர்களின் ஏக்கம் நம்மையும் தொடட்டும். அறிந்ததை அஞ்சாது, பணிவோடு எடுத்துரைக்கும் சந்ததியை வல்ல அல்லாஹ் நமக்கு அருள்வானாக! ஆமீன்.