பைக்குள் ஒளிந்து வரும் வைரஸ்

பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடம், காஞ்சிபுரத்தை அடுத்த திருமுக்கூடல். அவ்வூர்ப் பெருமாள் கோயிலில், வீரராஜேந்திர சோழனின் 11ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டொன்று 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர்சாலையைப் பற்றிக் கூறுகின்றது. மருத்துவர்க்கு மட்டுமன்றி, நோயாளரைப் பேணும் பெண்டிர்க்கும் அங்கு ஊதியம் வகுக்கப்பட்டிருந்தது. பேணுதலும் மருத்துவத்தின் ஒரு கூறே என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர்.

இன்று அப்பொறுப்பில் பெரும்பகுதி இல்லத்தாரைச் சார்ந்தது. மாற்றுச் சிறுநீரகம் பெற்றோர், புற்றுநோய்க்கு மருந்து உட்கொள்வோர் ஆகியோரின் உடலில் எதிர்ப்பாற்றல் குன்றியிருக்கும். மற்றவர்க்கு இரண்டு மூன்று நாளில் தீரும் நோரோ வைரஸ் வயிற்றுப்போக்கு, இவர்களுள் சிலருக்கு மாதக்கணக்கில் நீடிப்பதுண்டு. பிரிட்டனில் எதிர்ப்பாற்றல் குறைந்த ஒருவரின் மலத்தில், சொட்டு மருந்திலிருந்து வந்த போலியோ வைரஸ் 28 ஆண்டுகள் வெளியேறியதாக 2015இல் அறிவிக்கப்பட்டது.

வைரஸ்கள் தனித்தனியே பரவுகின்றன என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. ஆனால், நம் உயிரணுக்கள் தம் சவ்வினாலான நுண்ணிய பைகளை வெளியே விடுவது இயல்பு. ஓர் அணு மற்றோர் அணுவுக்குப் பொருள்களை அனுப்பும் வழி அது. அப்பைகளில் வைரஸ்கள் கூட்டமாக ஏறிக்கொள்கின்றன. போலியோ வைரஸ் இவ்வாறு செல்வதை 2015இலும், ரோட்டா, நோரோ வைரஸ்கள் பைகளோடு மலத்தில் வெளிவருவதை 2018இலும் அமெரிக்க ஆய்வாளர் கண்டறிந்தனர். பல வைரஸ்கள் ஒருங்கே ஓரணுவுக்குள் புகுவதால் தொற்றும் வலுக்கின்றது. எலிகளில் நடந்த சோதனையில், தனி வைரஸ்களைவிடப் பைக்குள் இருந்தவையே கடுமையான நோய் தந்தன.

ஆதலின், இல்லத்தாய்மார்களே, கைகழுவுதலை எளிதாக எண்ணற்க. நோரோ வைரஸுக்குச் சானிடைசர் மட்டும் போதாது. கழிப்பறை சென்ற பின்னும், நோயாளியைத் துப்புரவு செய்த பின்னும், சமைக்கும் முன்னும் சோப்பிட்டு ஓடும் நீரில் கழுவுக. அழுக்கான தரையைப் பிளீச்சிங் பவுடர் கரைசலால் துடைத்து, துணிகளை வெந்நீரில் தனியே துவைக்க வேண்டும். வயிற்றுப்போக்கு உற்றவர், அது நின்ற பின் இரண்டு நாள்வரை சமையலறைப் பக்கம் செல்லாதிருத்தல் நலம்.

எதிர்ப்பாற்றல் குன்றியவருக்கு வயிற்றுப்போக்கு கண்டால், "தானே நின்றுவிடும்" என்று காத்திராமல் மருத்துவரை நாடுக. உண்டுவரும் மருந்தை அவரைக் கேளாமல் நிறுத்தலாகாது. பிணியுற்றோர் தம்மைத் தாமே காக்க இயலாதபோது, உடனிருப்போரின் தூய கைகளே அவர்களுக்குக் காவல்.