வீடு பெரிதாயிற்று; நிலம் யாருக்கு?

பண்பொழியில் வயல் வேலைக்குப் போகிறவர்களிடம் சர்க்கார் வீடு என்றால், கம்பி தெரியக் கூரை பெயர்ந்து விழும் தொகுப்பு வீடுதான் ஞாபகத்துக்கு வரும். இதே கான்கிரீட்டில் நூறு வருஷத்துக்கு முன்பே தொழிலாளர்களுக்கென்று வரிசை வரிசையாக வீடு எழும்பிய நகரம் பம்பாய். நெல்லைச் சீமையிலிருந்து பிழைப்புக்காக அங்கே ரயிலேறியவர்கள் கொஞ்சமல்ல. அந்த வீடுகளுக்கு இன்று என்ன நடக்கிறது என்பது நமக்கும் சம்பந்தப்பட்ட விஷயம்.

1920-ல் கவர்னர் லாயிட் காலத்தில் பம்பாய் வளர்ச்சி இலாகா தோன்றியது. 50,000 அறைகள் என்று முழங்கினார்கள். கட்டி முடித்தது ஏறக்குறைய 16,500. வொர்லி, நாயகாம், டிலைல் ரோடு, சிவ்ரி ஆகிய இடங்களில் 207 கட்டடங்கள். தரையும் 3 மாடியுமாக ஒவ்வொன்றிலும் 80 அறை. அறைக்கு 160 சதுர அடி. குழாயும் கக்கூசும் பொது. பணத்துக்காகப் பஞ்சுப் பொதி ஒன்றுக்கு 1 ரூபாய் வரி போட்டார்கள். குடியிருக்கப் போகிறவனை மட்டும் யாரும் கேட்கவில்லை. ஆலைக்குத் தொலைவு, வாடகையும் அதிகம். எனவே அநேக அறைகள் பூட்டியே கிடந்தன. 1930-களில் வொர்லிக் கட்டடங்களில் சத்தியாக்கிரகிகளை அடைத்தார்கள். வீட்டைச் சிறையாக்க அதிக மராமத்து தேவைப்படவில்லை போலும்!

அந்தச் சிறையை வீடாக்கியவர்கள் தொழிலாளர்களே. 1928-ல் மாதக்கணக்கில் நீடித்த வேலைநிறுத்தத்தையும், 1982-ல் சுமார் இரண்டரை லட்சம் பேர் இறங்கிய வேலைநிறுத்தத்தையும் நடத்தியது இந்த ஆலைப் பகுதி. பிறகு ஆலைகள் மூடின. ஆலை நிலத்தில் கோபுரங்கள் முளைத்தன.

இப்போது சால் எனப்படும் அந்தக் கட்டடங்களையும் இடித்து, தகுதியுள்ள குடும்பத்துக்கு 500 சதுர அடி வீடு சொந்தமாகத் தருகிறார்கள். 2025 ஆகஸ்டில் வொர்லியில் 556 குடும்பங்கள் சாவி பெற்றன. இதை நாம் வரவேற்கிறோம். சரித்திரச் சின்னத்தை இடிக்கலாமா என்று கேட்கும் கனவான்கள் உண்டு. ஞாபகத்துக்கு ஒன்றை வைத்துக்கொள்ளட்டும். பொதுக் கக்கூசின் முன்னால் வரிசையில் நின்றவனிடம் சின்னத்தைப் பற்றிப் பேச வேண்டாம்.

ஆனால் கணக்கை முழுதும் பார்க்க வேண்டும். மீதி நிலத்தில் கட்டும் வீடுகள் விற்பனைக்கு. அவற்றின் விலை எந்தத் தொழிலாளிக்கும் எட்டாது. 40 மாடிக்கு லிப்ட் ஓட, தண்ணீர் ஏற, மாதாமாதம் செலவாகும். ஓய்வுபெற்ற ஆலைத் தொழிலாளி அதைக் கட்ட முடியாமல் வீட்டை விற்றுவிட்டுப் போனால், பறித்த பழியில்லாமலே நிலம் பணக்காரன் கைக்குப் போய்விடும். பராமரிப்புச் செலவை விற்பனை லாபத்திலிருந்து நிரந்தரமாகக் கொடு என்று கேட்பதுதான் நியாயம்.

நம்மூரில் தொகுப்பு வீட்டைப் புதுப்பிக்கக் கேட்கிறோம், கேட்க வேண்டியதுதான். அதே இடத்தில், பெண் பேரும் சேர்ந்த பட்டாவோடு என்பதையும் மனுவில் எழுதுங்கள். பட்டா கையில் இல்லாதவர்கள் தனித்தனியாக அலைய வேண்டாம். தெருவாகச் சேர்ந்து செங்கோட்டை தாசில்தாரிடம் போவோம்.