மூட்டுவலி எல்லாம் ஒன்றன்று

"வயதாகிவிட்டது, மூட்டு வலிக்கத்தான் செய்யும்" என வாளாவிருப்போரை நாம் இல்லந்தோறும் காண்கிறோம். ஆனால் மூட்டுவலிகள் யாவும் ஒன்றல்ல.

குருத்தெலும்பின் தேய்வால் வரும் வலி நடக்க நடக்க மிகும்; ஓய்வில் தணியும்; காலை விறைப்பும் பெரும்பாலும் 30 நிமிடத்திற்குள் நீங்கும். சொரியாசிஸ் எனும் செதிற்படையைச் சார்ந்த மூட்டழற்சியோ வேறு. உடலின் நோயெதிர்ப்பாற்றலே மூட்டைத் தாக்குவதால் விளைவது அது. ஓய்ந்திருந்தால் விறைக்கும்; அசைந்தால் தளரும்; காலை விறைப்பு 30 நிமிடத்திற்கு மேலும் நீடிக்கும். விரல் முழுவதும் வீங்கலாம். நகத்தில் சிறு குழிகள் தோன்றலாம். 30, 40 வயதினரையும் அது விடுவதில்லை. காலந்தாழ்த்தினால் மூட்டு மீளாவண்ணம் சிதையக்கூடும்.

ஆகவே அன்பர்களே, மருத்துவரிடம் வலிக்கும் மூட்டை மட்டுமன்று, முழங்கையிலும் தலைமுடிக்குள்ளும் மறைத்து வைத்துள்ள படையையும் காட்டுங்கள். அது தொற்றுநோயன்று; வெட்கத்திற்குரியதுமன்று.