யானையைக் கட்டித் தீனி போடலாமா?

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை மாலை, தவணைப் பரீட்சை விடைத்தாள்களோடு நாம் மல்லாடிக்கொண்டிருந்த வேளையிலே, எமது அத்தான் சைக்கிளை வேலியோரம் சாத்திவிட்டு உள்ளே வந்தார். முப்பத்தைந்து ஆண்டுகள் அரசாங்க லிகிதராகக் கடமை புரிந்து அண்மையில் இளைப்பாறியவர். தேநீரை ஆறவிட்டு நெடுநேரம் மௌனமாக இருந்தவர், ஈற்றில், “தம்பி, நீர் கணக்குப் படிப்பிக்கிறவர். ஒரு வாகனம் பார்த்திருக்கிறேன். நாளைக்கு ஒருக்கால் என்னோடு வாரும்” என்றார்.

சிறிய காரொன்றாக இருக்கும் என்றே நாம் எண்ணினோம். “லாண்ட் குரூஸர்” என்று அவர் சொன்னதும், கையிலிருந்த சிவப்புப் பேனாவைக் கீழே வைத்துவிட்டோம்.

வாசகர்கள் நகைக்க வேண்டாம். இத்தகைய ஆசை இன்று பல வீடுகளில் எழுந்திருக்கிறது. 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபோது, நாட்டில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த வண்டிகளின் விலை ஏணி வைத்து ஏறிற்று. 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கும் கதவு திறந்ததாயினும், வரிகளின் பாரத்தால் புதிய பெரிய வண்டி எம்போன்றோரின் கனவிலும் வருவதாயில்லை. ஆனால், முன்னொரு காலத்தில் மந்திரிமாரும் முதலாளிமாரும் ஏறித்திரிந்த அதே இன வண்டி, இருபது வருடங்களைக் கடந்து, மூன்று இலட்சம் கிலோமீற்றருக்கு மேல் ஓடிக் களைத்த நிலையில், பணிக்கொடைப் பணத்தோடு இன்னும் ஏதாவது சேர்த்தால் எட்டிவிடலாம் என்னும் உயரத்துக்கு இறங்கி வருகின்றது. அந்த ‘இன்னும் ஏதாவது’ என்பதுதான் விஷயம். அத்தானின் கணக்கில் அது அக்காவின் சீதனக் காணி, ஆறு பரப்பு.

ரொறன்ரோவிலிருந்து மகனும் மருமகளும் பேரனும் நல்லூர்த் திருவிழாவுக்கு வரவிருக்கிறார்கள். அவர்களை ஏற்றித் திரியலாம். அவர்கள் போன பின்னர் வெளிநாட்டிலிருந்து வருவோருக்கு வாடகைக்கும் விடலாம் என்பது அவருடைய திட்டம்.

மறுநாள் முதலிற் பார்த்த வண்டியைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. அதன் மானி 1,24,000 கிலோமீற்றர் என்று காட்டியது. ஆனால் பிறேக் மிதியின் றப்பர் ஒருபுறம் வழுவழுவென்று தேய்ந்திருந்தது. சுக்கானின் தோலுறை கண்ணாடிபோல் மினுங்கியது. சாரதி ஆசனத்தின் விளிம்பு நைந்திருந்தது. அத்துடன் சாரதிப்பக்கக் கதவின் ஓரத்தில், எண்ணெய் மாற்றிய இடத்தார் ஒட்டிய பழைய தாள் ஒன்று பாதி கிழிந்த நிலையில் இருந்தது. 2013ஆம் ஆண்டு, 1,91,000 கிலோமீற்றர் என்று அதில் எழுதப்பட்டிருந்ததை, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு இருமுறை வாசித்தோம். “அது வேறு வாகனத்தின் தாளாக இருக்கும்” என்றார் விற்க வந்தவர். வேறு வாகனத்தின் தாள் இந்தக் கதவில் வந்து ஒட்டிக்கொண்ட விதத்தை நாம் விசாரிக்கவில்லை. இலக்கங்களாலான மானியைப் பின்னோக்கித் திருப்புவது இந்நாளில் ஒரு கருவியும் சில நிமிடங்களும் போதுமான காரியம். எனவே, மானியை நம்புவதிலும் மிதியை நம்புவது மேல். ரயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் இருக்கும். முதலிரண்டும் வாரம், பின்னிரண்டும் ஆண்டு. 2318 என்றால் 2018ஆம் ஆண்டின் இருபத்துமூன்றாம் வாரத்தில் வார்த்த ரயர். இவை பொய் சொல்லத் தெரியாத சாட்சிகள்.

இரண்டாவது வண்டிதான் எம்மைச் சோதனைக்குள்ளாக்கியது. உரியவர் ஓய்வுபெற்ற பொறியியலாளர், எண்பதை அண்மித்தவர். 2003ஆம் ஆண்டு வண்டி. ஆறு சிலிண்டர், 4.2 லீற்றர் டீசல் எஞ்சின். மானியில் 3,12,000. பூமியை நடுக்கோட்டில் ஏறத்தாழ எட்டு முறை சுற்றி வந்த தூரம் என்று மனத்துள் கணக்குப் போட்டோம். ஆனால் ஆண்டொன்றுக்குப் பார்த்தால் பதினாலாயிரம் அளவில்தான் வருகின்றது. பெரியவர் ஒரு தடித்த கொப்பியை எடுத்து எம்முன் வைத்தார். எண்ணெய், வடிகட்டி, பற்றரி, பிறேக், எல்லாம் திகதியும் தூரமும் போட்டு நீல மையில் எழுதப்பட்டிருந்தன. எஞ்சினின் ரைமிங் பெல்ற் 1,47,000இல் ஒரு முறை, 2,94,000இல் ஒரு முறை மாற்றப்பட்டிருந்தது. அந்தப் பட்டி அறுந்தால் வால்வுகளும் பிஸ்டன்களும் ஒன்றோடொன்று மோதி எஞ்சின் நாசமாகும். அதை உரிய காலத்தில் மாற்றியவர் மற்றவற்றையும் கவனித்திருப்பார் என்று துணிந்து நம்பலாம். மூன்று இலட்சம் என்று ஒளிக்காமற் சொல்லும் வண்டி, ஒன்றேகால் இலட்சம் என்று நடிக்கும் வண்டியிலும் நல்லது என்பது எமக்கு அவ்விடத்திலேயே தெளிவாயிற்று.

எம்மிடம் படித்து இன்று சொந்தமாகக் கராச் நடத்தும் மாணவன் ஒருவனைக் கையோடு அழைத்துப் போயிருந்தோம். அவன் முதலில் பொனற்றில் கையை வைத்து எஞ்சின் குளிர்ந்திருக்கிறதா என்று பார்த்தான்; சூடாக்கி வைத்த எஞ்சின் தன் குறையை மறைத்துவிடுமாம். பின்பு ஸ்ரார்ட் செய்யச் சொல்லிப் புகையைக் கவனித்தான். நீலமாக வந்தால் எஞ்சின் எண்ணெய் எரிகிறது. வெள்ளை நீடித்து நின்றால் தண்ணீரோ எரியாத டீசலோ போகிறது. கரும்புகையென்றால் டீசல் மிகையாகப் பாய்கிறது. இவ்வண்டி சிறிது இருமிவிட்டு அடங்கியது. அடுத்து, வண்டியின் உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் விசையை அழுத்தி, எண்ணெய்க் கலத்தின் மட்டத்தைப் பார்த்தான். அவ்வமைப்பில் நைதரசன் வாயு அடைத்த உருண்டைகள் உள்ளன. வாயு தளர்ந்துவிட்டால், வண்டி தாழும்போது மட்டம் போதிய அளவு ஏறாது. இங்கே மட்டம் சற்றே அசைந்து நின்றுவிட்டது. அவன் கையைத் துடைத்துக்கொண்டு, “சேர், எஞ்சின் போகாது. மற்றதெல்லாம் போகும்” என்றான்.

இவ்வளவு பொருத்தமான மதிப்பீட்டை எந்தப் பரீட்சகரும் எழுதியதில்லை.

அதன்பின் ஏறி ஓட்டிப் பார்த்தோம் என்பதையும் மறைக்காது சொல்லவேண்டும். ஏறத்தாழ இரண்டரைத் தொன் பாரம், குண்டு குழி எதையும் பொருட்படுத்தாமல் மிதந்து சென்றது. மற்றைய வண்டிகள் தாமாகவே ஒதுங்கின. எமது முதுகு நிமிர்ந்ததை நாமே உணர்ந்தோம். அத்தானின் முகத்தைப் பார்த்தபோது, எமக்குப் பத்து வயதாயிருந்த காலம் நினைவுக்கு வந்தது. 1990இன் பின்னர், பொருளாதாரத் தடையால் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வராதிருந்த நாட்களில், அத்தான் தம் தகப்பனாரின் ஒஸ்ரின் ஏ40 காரை மண்ணெண்ணெயில் ஓட்டினார். காபுரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு உயிர்ப்பித்து, பின்பு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது அக்காலத்து வித்தை. நாம் பின்னால் நின்று தள்ளுவோம். நோயாளிகளும் கர்ப்பிணிகளும் அந்தக் காரில் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். “அந்தக் கார் எத்தனை மைல் ஓடியது என்று எவருக்குத் தெரியும்? ஓடினதுதானே!” என்றார் அத்தான்.

உண்மைதான். ஆனால் அந்த ஒஸ்ரினின் முழு உடற்கூறும் அவருடைய கைக்கு அடங்கியிருந்தது. சேலைன் குழாயும் கம்பித்துண்டும் அதற்கு மருந்தாயின. இந்த வண்டியிலோ எஞ்சினுக்குள் டீசல் செல்வதையும் ஒரு கணினிதான் அளந்து விடுகின்றது. சிறியதோர் உணர்கருவி ஓய்ந்தாலும் இரண்டரைத் தொன்னும் நடுவீதியில் நின்றுவிடும். உதிரிப்பாகம் கொழும்பிலிருந்து வரும்வரை காத்திருக்கவேண்டும். விலை இறங்கியது வண்டிக்கு மட்டுமே. அதன் உதிரிப்பாகங்களுக்கு அல்ல.

அன்றிரவு கொப்பித்தாளொன்றிற் கணக்கெழுதினோம். கொழும்புக்குப் போய்வர ஏறத்தாழ 800 கிலோமீற்றர். லீற்றருக்கு எட்டுக் கிலோமீற்றர் என்று வைத்தால் நூறு லீற்றர் டீசல். 2022இல் கியூ.ஆர். அட்டையைக் காட்டி எரிபொருள் வாங்கிய காலத்தில் காருக்கு வாரம் 20 லீற்றர்தான் கிடைத்தது. அந்த அளவுக்கு இவ்வண்டி 160 கிலோமீற்றர் ஓடியிருக்கும். வாடகைக்கு விடுவதானாலும் வெளிநாட்டார் வருவது ஆடி, ஆவணியிலும் மார்கழி விடுமுறையிலுந்தான். செலவோ பன்னிரண்டு மாதமும் வரும். இறுதியில் ஒரு வரி எழுதினோம்: வாங்கும் விலையில் நாலிலொரு பங்கைத் திருத்த வேலைக்கென்று புறம்பாக வைக்க இயலுமானால் வாங்கலாம், இயலாவிட்டால் வேண்டாம். இது எந்தப் புத்தகத்திலும் உள்ள சூத்திரமன்று. மாணவனுடைய பேச்சிலிருந்து நாம் பிடித்தது. காணியை விற்றாலும் அந்த நாலிலொரு பங்கு மிஞ்சவில்லை.

மறுநாள் தாளைக் கொண்டுபோனபோது அக்கா அளவுநாடாவுடன் படலையடியில் நின்றார். காணியைப் பற்றி அவர் அன்றுவரை ஒரு சொல்லும் சொன்னதில்லை. “அந்த வண்டி எவ்வளவு அகலம்?” என்று கேட்டார். 1,940 மில்லிமீற்றர் என்றோம். “அப்படியானால் ஆறடி நாலங்குலத்துக்கு மேல். எங்கள் படலை ஐந்தே முக்கால் அடி” என்றார். அத்தான் தாளை வாங்கி, கடைசி வரி வரை வாசித்து, நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

மூன்று நாள் அவர் எமது வீட்டுப் பக்கம் வரவில்லை. நாலாம் நாள் தாமே பொறியியலாளரிடம் போய் வேண்டாமென்று சொல்லிவிட்டு, திரும்பும் வழியில் எம்மிடம் வந்தார். பெரியவர் வருந்தவில்லையாம், கொப்பியை எடுத்து அலுமாரிக்குள் வைத்துவிட்டு, “இன்னும் கொஞ்ச நாள் நானே ஓட்டுகிறேன்” என்றாராம்.

நேற்று அக்கா வீட்டுக்குப் போனோம். மதிலடியில் மேசன் ஒருவர் கல் உடைத்துக்கொண்டிருந்தார். என்ன என்று கேட்டோம். “பேரப்பிள்ளை வருகிறான் அல்லவா, வாடகை வான் என்றாலும் வாசல்வரை வரவேண்டும். ஒன்றரை அடி அகட்டச் சொன்னேன்” என்றார் அக்கா. அத்தான் ஒன்றும் பேசாமல், உடைத்த கல்லை எடுத்து ஓரமாக அடுக்கிக்கொண்டிருந்தார்.