இடது காலுக்கும் வேலை வந்தது

என்ன சகோதரிகளே, போன இதழில் எழுதிய நார்த்தங்காய் ஊறுகாய் பக்குவமாக வந்ததா? இந்த முறை அடுப்படியை விட்டு வாசலுக்கு வந்துவிட்டேன். கார் ஓட்டப் பழகிய கதை இது. "நாற்பத்தைந்து வயசில் இது எதுக்கு?" என்று என் மாமியாரே கேட்டார்கள். எதற்கு என்று சொல்கிறேன்.

எங்கள் வீட்டுக் கார் ஆட்டோமேட்டிக். ஆக்சிலரேட்டர், பிரேக் இரண்டுதான். இரண்டுக்கும் வலது காலே போதும். 2014-ல் மாருதி செலேரியோவில் ஏ.எம்.டி. என்று ஒன்று வந்த பிறகுதான் நம்மைப் போன்ற குடும்பங்களுக்கு இந்த வசதி கொஞ்சம் எட்டியது. அதிலும் உள்ளே கிளட்ச் இருக்கத்தான் செய்கிறது. நமக்குப் பதில் இயந்திரம் அதை மிதிக்கிறது, அவ்வளவுதான். எல்.எல்.ஆர். வாங்கி, என் கணவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர, மூன்று வாரத்தில் பாப்பாக்குடி வரை போய்வரும் அளவுக்குத் தேறிவிட்டேன். மனசுக்குள் ஒரு பெருமைகூட வந்துவிட்டது.

அந்தப் பெருமை ஒரு ராத்திரியில் போயிற்று. காரை மகன் மதுரைக்கு எடுத்துப் போயிருந்தான். பதினோரு மணிக்கு என் கணவருக்கு விலாவில் அப்படி ஒரு வலி. மனுஷன் தரையில் உருண்டு துடிக்கிறார். எதிர்வீட்டு அண்ணாச்சி ஊரில் இல்லை. மதினி ஓடிவந்து கார் சாவியைக் கையில் கொடுத்தாள். "நீதான் ஓட்டுதியே, எடு!" அது கியர் வண்டி. இவரைப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு ஸ்டார்ட் செய்தேன். ஒரு குலுக்கு குலுக்கி நின்றுவிட்டது. மறுபடி, மறுபடி... மூன்று தரம். மூன்றாவது தரம் அவர் "அம்மா" என்று அலறியது இன்னும் காதில் இருக்கிறது. கடைசியில் அடுத்த தெருப் பையனை எழுப்பிக் கூட்டிவந்து, பாளையங்கோட்டை ஹைகிரவுண்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். சிறுநீரகக் கல். நல்லவேளை, பிழைத்த உயிருக்கு மோசமில்லை. ஆனால் இருதயக் கோளாறாக இருந்திருந்தால்?

மறுநாளே முடிவு செய்தேன், டெஸ்டுக்குக் கியர் வண்டியில்தான் போவது என்று. "சட்டப்படி அதுக்கு அவசியமே இல்லையே" என்றார் இவர். உண்மைதான். நம் நாட்டில் இலகுரக வாகனம் என்று ஒரே லைசென்ஸ்தான். எதில் தேர்வு கொடுத்தாலும் இரண்டையும் ஓட்டலாம். ஸ்கூட்டருக்கு மட்டும் கியர் உள்ளது, இல்லாதது என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் அப்படியில்லை. ஆட்டோமேட்டிக்கில் தேறினால் ஆட்டோமேட்டிக் மட்டும்தான். சிங்கப்பூரில் அதற்கு 3ஏ என்று தனி வகுப்பே உண்டு. வெளிநாடு போகும் பெண்ணைப் பெற்றவர்கள் இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் சட்டம் விட்டுவிடுகிறது. ஆனால் அவசரத்துக்குக் கிடைக்கிற வண்டி எது என்று யாருக்குத் தெரியும்?

டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன். மாஸ்டர் என் மகனைவிட நாலைந்து வயது மூத்தவர்தான் இருப்பார். முதல் நாளே, "அக்கா, ஆக்சிலரேட்டரைத் தொடாதீங்க. கிளட்ச்சைப் பைய விடுங்க, பைய" என்றார். சமதரையில் முதல் கியர் போட்டு, இடது காலை இம்மி இம்மியாகத் தூக்கினால் ஓர் இடத்தில் வண்டி லேசாக நடுங்கும். அங்கேயே காலை நிறுத்த வேண்டும். வண்டி தானாக ஊர ஆரம்பிக்கும். எனக்கு இது பால் காய்ச்சுகிற மாதிரி இருந்தது. பொங்குவதற்கு முன் பாத்திர ஓரத்தில் ஒரு சலசலப்பு வருமே, அதைப் பார்த்ததும் நம் கை தானாக அடுப்பைத் தணிக்கிறதல்லவா? அந்தச் சலசலப்பைக் காலால் உணரவேண்டும். ஆக்சிலரேட்டரே தொடாமல் அரை மணி நேரம் இதை மட்டுமே செய்தேன். அதற்குப் பிறகு வண்டி நிற்பது பாதியாகக் குறைந்தது.

ஆட்டோமேட்டிக்கில் பழகியவர்களுக்கு இரண்டு கெட்ட பழக்கம் இருக்கும். நிற்கும்போது பிரேக்கை மட்டும் மிதிப்பது ஒன்று. கியர் வண்டியில் கிளட்ச்சையும் சேர்த்து மிதிக்காவிட்டால் இன்ஜின் அணைந்துவிடும். இன்னொன்று, பிரேக்கை விட்டால் வண்டி தானாக முன்னே நகரும் என்ற நம்பிக்கை. ஏற்றத்தில் இது பின்னால் உருளும்! எனக்கு ஆற்றங்கரைச் சரிவில் அப்படி ஆகி, பின்னால் வந்த பால்காரர் சைக்கிளோடு குதித்து ஓடினார். ஹேண்ட்பிரேக்கை இழுத்து வைத்து, முதல் கியர் போட்டு, கிளட்ச்சை அந்த நடுக்கம் வரை தூக்கி, கொஞ்சம் ஆக்சிலரேட்டர் கொடுங்கள். இன்ஜின் சத்தம் கம்மும். அப்போதுதான் ஹேண்ட்பிரேக்கை விடவேண்டும். 1989-ஆம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளிலேயே, ஏற்றத்தில் நிறுத்தி, பின்னால் உருளாமல் மறுபடி எடுப்பதும், இறக்கத்தில் கியரைச் சட்டென்று குறைப்பதும் தேர்வில் அடங்கும் என்று இருக்கிறது. ரிவர்ஸ் எடுப்பதும் உண்டு.

ஒரு வேடிக்கையும் சொல்கிறேன். கியர் வண்டி நன்றாக வந்த பிறகு எங்கள் சொந்தக் காரை எடுத்தேன். இடது கால் பழக்க தோஷத்தில் கிளட்ச்சைத் தேடிப் பிரேக்கைப் பலமாக மிதித்துவிட்டது. பின் ஸீட்டில் தூக்குச்சட்டியில் இருந்த சாம்பார் முழுவதும் கவிழ்ந்தது. ஆட்டோமேட்டிக்கில் ஏறியதும் இடது காலை ஓரமாக ஒதுக்கி வைத்துவிடுங்கள்.

உடம்பு விஷயம். முதல் மூன்று நாள் இடது முழங்காலும் கெண்டைச்சதையும் கடுத்தன. வெந்நீர் ஒத்தடம் கொடுத்தேன். பிறகுதான் தெரிந்தது, ஸீட்டைத் தள்ளிப் போட்டிருந்தேன். கிளட்ச்சை முழுக்க மிதித்த பின்னும் முழங்கால் சற்று மடங்கியே இருக்கவேண்டும். குள்ளமானவர்கள் முதுகுக்கு ஒரு மெத்தை வைத்துக்கொள்ளலாம். ஓடும்போது காலைக் கிளட்ச் மேலேயே வைத்திருந்தால் காலுக்கும் கேடு, கிளட்ச்சுக்கும் கேடு. ஹவாய் செருப்பு வேண்டாம். பின்வார் உள்ள செருப்பு நல்லது. சேலை கட்டுகிறவர்கள் கொசுவத்தைக் கொஞ்சம் தூக்கிச் செருகுங்கள். கைக்குழந்தையைப் பழகும் வண்டியில் ஏற்றவே கூடாது. நாற்பது தாண்டியவர்களுக்கு டாக்டர் சான்றிதழும் கேட்பார்கள். நல்ல வெளிச்சத்தில் 25 மீட்டர் தூரத்து நம்பர் பிளேட்டைப் படிக்க முடியவேண்டும். எனக்கு அந்தச் சாக்கில் கண்ணாடி மாறியது.

தேர்வுக்கு முந்தின நாள் பயந்துபோய் மாஸ்டரிடம் சொன்னேன். அவர், "நாகர்கோவில் பக்கம் வசந்தகுமாரி அம்மா 1993-லேயே அரசு பஸ் ஓட்ட வந்தாங்க. நீங்க இந்தச் சின்ன வண்டிக்கா பயப்படுதீக?" என்றார். தோற்றாலும் ஏழு நாள் கழித்து மறுபடி போகலாம். மூன்று தரம் தோற்றால்தான் 60 நாள் காத்திருக்கவேண்டும். எல்.எல்.ஆருக்கு ஆறு மாத ஆயுள். வாங்கி 30 நாள் கழித்துத்தான் தேர்வு. ஆகவே அவசரமும் வேண்டாம், தள்ளிப்போடவும் வேண்டாம்.

தேர்வன்று இரண்டு இட்லி மட்டும் சாப்பிட்டுப் போனேன். இன்ஸ்பெக்டர் ஒரு மேட்டில் நிறுத்தச் சொன்னார். எடுக்கும்போது இன்ஜின் ஒருமுறை நின்றுவிட்டது. நெஞ்சு படபடத்தது. ஹேண்ட்பிரேக், கிளட்ச், நியூட்ரல், சாவி என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே மறுபடி எடுத்தேன். வண்டி ஒரு அங்குலம் பின்னால் போகவில்லை. அவர் ஒன்றும் பேசாமல் எழுதிக்கொண்டார். லைசென்ஸ் தபாலில் வந்தது.

போன மாதம் இவருக்கு மறுபடி ஸ்கேன் பார்க்கவேண்டியிருந்தது. எங்கள் கார் சர்வீஸில் இருந்தது. அண்ணாச்சி வீட்டுக் காரை நானே கேட்டு வாங்கினேன். பேட்டை தாண்டும்வரை இவர் ஹேண்ட்பிரேக்கின் மேல் வைத்த கையை எடுக்கவில்லை. அப்புறம் தூங்கிவிட்டார்.